இறக்கைக்கு அடியில் ஐந்தாவது எஞ்சின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு படம் அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு வரும். பெரிய போயிங் 747 ஒன்று தரையிறங்கிக்கொண்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் வலப்பக்கம் இரண்டு எஞ்சின், இடப்பக்கம் மூன்று. "ஃபோட்டோஷாப்" என்று பாதிப் பேர் சொல்வார்கள். "புது மாடல், ஐந்து எஞ்சின்" என்று மீதிப் பேர் சொல்வார்கள். இரண்டும் தப்பு. அந்தப் படத்தைப் பார்த்ததும் வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

அந்த ஐந்தாவது எஞ்சின் நிஜமா?

நிஜம்தான். அது விமானத்தின் எஞ்சின் அல்ல, விமானம் சுமந்து போகும் சரக்கு. எங்கோ தூரத்து ஊரில் அதே வகை விமானம் ஒன்று எஞ்சின் கெட்டு நின்றுவிட்டது. அதற்கு மாற்று எஞ்சின் போய்ச் சேர வேண்டும். ஜீப்பின் பின்னால் ஸ்டெப்னி மாட்டிக்கொண்டு போவது போல, அந்த எஞ்சினை இறக்கையில் மாட்டிக்கொண்டு போகிறார்கள்.

சமீப காலத்தில் அதிகம் பேசப்பட்டது 2016 ஜனவரியில் நடந்தது. குவாண்டாஸ் நிறுவனத்தின் 747 ஒன்று தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் எஞ்சின் மாற்ற வேண்டிய நிலையில் நின்றது. சிட்னியிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் வழக்கமான கியூஎஃப் 63 விமானத்திலேயே ரோல்ஸ் ராய்ஸ் ஆர்பி211 எஞ்சின் ஒன்றைத் தொங்கவிட்டு அனுப்பினார்கள். உள்ளே பயணிகள் எப்போதும் போல உட்கார்ந்து சாப்பிட்டு, படம் பார்த்துக்கொண்டு போனார்கள். அந்த நிறுவனமே 2011-க்குப் பிறகு அப்போதுதான் மறுபடி இதைச் செய்தது. அதனால்தான் படம் அவ்வளவு பரவியது. 1970-களில் யாரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க மாட்டார்கள். அப்போது இது சாதாரண வேலை.

அது ஓடுமா? விமானம் கூடுதல் வேகத்தில் போகுமா?

ஓடாது. எரிபொருள் குழாய் கிடையாது, காக்பிட்டோடு தொடர்பு கிடையாது. விசையைக் கூட்டிக் குறைக்க அதற்கென்று ஒரு திராட்டில் லீவரும் இல்லை. வேகம் கூடுவதற்குப் பதில் குறையத்தான் செய்யும், ஏனென்றால் காற்றை எதிர்க்கும் பொருள் ஒன்று கூடுதலாகத் தொங்குகிறது.

எதற்கு வெளியே தொங்கவிட வேண்டும்? சரக்கு அறையில் போட்டு எடுத்துப் போகலாமே?

கதவு பத்தாது. எல்லாச் சிக்கலும் அங்கேதான்.

பயணிகள் விமானத்தின் வயிற்றுப் பகுதியில் உள்ள சரக்கு அறை உயரமானது அல்ல. 747-இல் கூட அதன் கதவு உயரம் சுமார் 1.7 மீட்டர்தான். ஆர்பி211-524 எஞ்சினின் ஃபேன், அதாவது முன்வாயில் சுழலும் பெரிய விசிறி, விட்டமோ சுமார் 2.2 மீட்டர். அதைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டையும் சேர்த்தால் இன்னும் உயரம். படுக்கப் போட்டால் என்ன என்று கேட்கலாம். எஞ்சின் ஏற்கெனவே படுத்துத்தான் இருக்கிறது. அது உருளை, எப்படித் திருப்பினாலும் விட்டம் குறையாது.

சரக்கு விமானம் என்றால் கதை வேறு. 747 சரக்கு விமானத்தின் மேல்தளப் பக்கவாட்டுக் கதவு மூன்று மீட்டருக்குச் சற்று அதிக உயரம் கொண்டது, எஞ்சின் தாராளமாக உள்ளே போகும். முன்பாதி பயணிகள், பின்பாதி சரக்கு என்று இருந்த 'காம்பி' ரக 747-களிலும் இதே பெரிய கதவு உண்டு. ஏர் இந்தியாவிடம் 747-300 காம்பிகள் இருந்தன. ஆனால் எஞ்சின் கெட்டு நிற்கும் ஊருக்கு, நமக்கு வேண்டிய நாளில், சரக்கு விமானம் போக வேண்டுமே. வாடகைக்குத் தனியாக ஒன்றை அமர்த்தினால் செலவு எக்கச்சக்கம். அங்கே நிற்கும் விமானமோ ஒவ்வொரு நாளும் வருமானத்தைத் தின்றுகொண்டிருக்கும். விமானத் தொழிலில் இதை ஏஓஜி என்பார்கள், தரையில் மாட்டிக்கொண்ட விமானம் என்று பொருள். அந்த மூன்றெழுத்து வந்துவிட்டால் கடைநிலை ஊழியர் முதல் மேனேஜர் வரை யாருக்கும் தூக்கம் கிடையாது.

நமக்கோ அதே ஊருக்கு நாளைக்கே பயணிகள் விமானம் ஒன்று போகப்போகிறது. அதற்கு இறக்கை இருக்கிறது. எஞ்சினைத் தாங்குவதற்கென்றே கட்டப்பட்ட இறக்கை அது. இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்ததற்குக் காரணமே இந்தச் சிக்கனம்தான்.

சரி, எங்கே மாட்டுவார்கள்? கண்ட இடத்தில் மாட்டலாமா?

முடியாது. 747-இல் அதற்கு ஒரே ஓர் இடம்தான். இடது இறக்கையில், விமான உடலுக்கும் உள்பக்க எஞ்சினுக்கும் நடுவே. எஞ்சின்களை விமானியின் இடக்கைப் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுவார்கள். அந்தக் கணக்கில், இரண்டாம் எண்ணுக்கும் உடலுக்கும் இடையில்.

இந்த இடத்தில் இறக்கையின் உள்ளே உள்ள முதன்மை உத்திரத்தோடு இணையும்படி பொருத்துமுனைகள் வடிவமைப்பிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. 747 பிறந்த காலத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும். அதன் முதல் எஞ்சின் பிராட் அண்டு விட்னியின் ஜேடி9டி. அவ்வளவு பெரிய டர்போஃபேன் பயணிகள் விமானத்தில் ஏறியது அதுவே முதல் தடவை. ஆரம்பத்தில் படாத பாடு படுத்தியது. 1970 ஜனவரி 21 அன்று பான் ஆம் நிறுவனத்தின் முதல் 747 பயணிகள் சேவை நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குக் கிளம்ப இருந்தது. எஞ்சின் சூடாகி, விமானத்தையே மாற்றி, நள்ளிரவு தாண்டித்தான் புறப்பட முடிந்தது. அதே காலத்தில் போயிங்கின் எவரெட் ஆலையில், எஞ்சின் வந்து சேராததால் இறக்கைகளில் கான்கிரீட் கட்டைகளை எடைக்குத் தொங்கவிட்டு விமானங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். எஞ்சின் இந்த லட்சணத்தில் இருக்கும்போது, உலகின் எந்த மூலைக்கும் மாற்று எஞ்சின் கொண்டு போக ஒரு வழி இருப்பது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

மாட்டும் வேலை, எஞ்சின் மாற்றும் வேலையைப் போலத்தான். தற்காலிகமான ஒரு பைலானை, அதாவது இறக்கையையும் எஞ்சினையும் இணைக்கும் தாங்கியை, முதலில் பொருத்துவார்கள். எஞ்சின் ஸ்டாண்டை அதற்கு நேர் கீழே உருட்டி நிறுத்துவார்கள். சங்கிலித் தூக்கிகளால் நான்கு பக்கமும் மெல்ல மெல்ல, ஒரே மட்டமாகத் தூக்குவார்கள். ஒவ்வொரு மூலையிலும் ஓர் ஆள் பார்த்துக்கொண்டு நிற்பார், ஏனென்றால் ஒரு பக்கம் முந்தினால் டன் கணக்கான இரும்பு பக்கவாட்டில் ஆடும். மேலே போனதும் முன்பக்கமும் பின்பக்கமும் போல்ட்டுகளைச் செருகி, குறித்த அளவு முறுக்குவிசையில் இறுக்கி, ஒருவர் இறுக்கியதை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். எஞ்சினை ஓட்டுவதற்கான எரிபொருள், மின்சார, காற்று இணைப்புகள் எதையும் கொடுக்க வேண்டாம் என்பதால் அந்த மட்டில் வேலை மிச்சம்.

ஃபேன் பிளேடுகளைக் கழற்றிவிடுவார்களாமே, ஏன்?

இரண்டு காரணங்கள். முதலாவது, ஓடாத எஞ்சினின் வாய் திறந்திருந்தால் எதிர்க்காற்று ஃபேனைத் தானாகச் சுழற்றும். மணிக்கு 800, 900 கிலோமீட்டர் வேகத்தில் பல மணி நேரம் சும்மா சுற்றிக்கொண்டே போனால், அதன் பேரிங்குகளுக்கு யார் எண்ணெய் ஊற்றுவது? புது எஞ்சினைக் கொண்டு போய்ச் சேர்க்கிறோம் என்று தேய்ந்துபோன எஞ்சினைக் கொடுத்த கதையாகிவிடும். அதனால் சுழல முடியாதபடி செய்துவிட வேண்டும்.

இரண்டாவது, காற்றுத் தடை. பிளேடுகளைக் கழற்றி, முன்வாயை வழவழப்பான உறையால் மூடிவிட்டால் காற்று சுற்றி வழுக்கிக்கொண்டு போகும். படத்தில் ஐந்தாவது எஞ்சின் மட்டும் மற்றவற்றைவிட ஒல்லியாக, மொட்டையாகத் தெரிவது இதனால்தான். வெளிக்கூட்டையும் பெரும்பாலும் கழற்றிவிடுவார்கள். பிளேடுகளும் கூட்டுப் பாகங்களும் தனியாகக் கட்டப்பட்டு அதே விமானத்தின் சரக்கு அறையில் பின்னாடியே வரும்.

பிளேடுகளைக் கழற்றும்போது எது எந்த இடத்தில் இருந்தது என்று எண் போட்டு வைப்பது கட்டாயம். ஒவ்வொரு பிளேடுக்கும் சின்னச் சின்ன எடை வித்தியாசம் உண்டு. எடை சமன்படும் வரிசையில்தான் அவற்றை வட்டத்தில் அடுக்கியிருப்பார்கள். இடம் மாறினால் எஞ்சின் அதிரும்.

ஒரு பக்கம் மட்டும் கனம். விமானம் சாய்ந்துவிடாதா?

கேட்கும்போது பயமாக இருக்கும், கணக்குப் போட்டால் பயம் போய்விடும். ஆர்பி211-524 எஞ்சின் மட்டும் சுமார் நாலரை டன். பைலான் வகையறாவைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். 747-400 கொள்ளும் எரிபொருளோ 2 லட்சத்து 16 ஆயிரம் லிட்டருக்கு மேல், எடையில் 170 டன்னைத் தாண்டும். அதில் பெரும்பகுதி இரண்டு இறக்கைகளுக்குள்ளேதான் இருக்கிறது. எந்தத் தொட்டியில் எவ்வளவு என்று கொஞ்சம் மாற்றி அமைத்தாலே எடை சமன்பட்டுவிடும்.

அதோடு, கனம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 747-இன் வெளிப்பக்க எஞ்சின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 21 மீட்டர் தள்ளி இருக்கிறது, உள்பக்க எஞ்சின் சுமார் 12 மீட்டர். ஐந்தாவது அதற்கும் உள்ளே, உடலை ஒட்டி. தள்ளி இருந்தால்தான் நெம்புகோல் நீளும். இது கிட்ட இருப்பதால் சாய்க்கும் விசையும் குறைவு, காற்றுத் தடையால் மூக்கை இடப்பக்கம் இழுக்கும் விசையும் குறைவு. மிச்சமிருக்கும் சின்ன இழுப்பை விமானி சுக்கானை ஒரு பொடி அளவு திருப்பி வைத்துச் சரிக்கட்டுவார். வெளிப்பக்க எஞ்சின் ஒன்று நின்றுபோனாலே சமாளிக்கும்படி கட்டப்பட்ட விமானத்துக்கு இது பெரிய விஷயம் இல்லை.

எரிபொருள் அதிகம் செலவாகுமா?

ஆகும். தடை கூடுகிறது, எடை கூடுகிறது, வேகத்துக்கும் உயரத்துக்கும் தனி வரம்புகள் வந்துவிடுகின்றன. 2016-இல் நான் மேலே சொன்ன விமானம், சாதாரண நாளில் நிற்காமல் போகும் சிட்னி–ஜோகன்னஸ்பர்க் தூரத்தை அன்று ஒரே மூச்சில் போக முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பெர்த்தில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போனது. சுமார் 11,000 கிலோமீட்டர், அதுவும் நடுவில் இறங்க ஒரு தீவுகூடச் சரியாகக் கிடைக்காத தெற்கு இந்தியப் பெருங்கடல் வழி. அங்கே யாரும் கணக்கில் கஞ்சத்தனம் காட்ட மாட்டார்கள்.

பயணிகளோடு போவது பாதுகாப்பா? காலியாகத்தானே போக வேண்டும்?

இங்கேதான் பலர் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

கூடுதல் எஞ்சினைச் சுமந்து போவது ஒன்று. விமானத்தின் சொந்த எஞ்சின்கள் நான்கும் நன்றாக ஓடுகின்றன, சரக்கு ஒன்று வெளியே இருக்கிறது, அவ்வளவுதான். உற்பத்தியாளர் சோதித்து, அங்கீகாரம் பெற்ற ஏற்பாடு. பயணிகளை ஏற்றலாம்.

ஓர் எஞ்சின் கெட்ட விமானத்தை மூன்று எஞ்சினில் ஊருக்கு ஓட்டி வருவது இன்னொன்று. இதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. அமெரிக்க விதிகளின்படி நான்கு எஞ்சின் விமானத்தையும், மூன்று டர்பைன் எஞ்சின் கொண்ட விமானத்தையும் ஓர் எஞ்சின் இல்லாமல் பழுதுபார்க்கும் இடத்துக்கு ஓட்டிப் போகலாம். ஆனால் பயணிகள் கூடாது, அவசியமான பணியாளர்கள் மட்டும். அதனால் ஒரு நிறுவனத்துக்கு இரண்டு வழிகள் இருந்தன: எஞ்சினை விமானத்திடம் கொண்டு போவது, அல்லது விமானத்தை எஞ்சினிடம் கொண்டு வருவது. எது மலிவு, எது சீக்கிரம் என்பதைப் பொறுத்து முடிவெடுப்பார்கள்.

"பிரிட்டிஷ் ஏர்வேஸ் பயணிகளோடு மூன்று எஞ்சினில் அட்லாண்டிக்கைக் கடந்ததே?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். 2005 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து லண்டன் கிளம்பிய 747 அது. மேலே ஏறியதுமே ஓர் எஞ்சின் நின்றுபோக, திரும்பாமல் தொடர்ந்து போய், கடைசியில் மான்செஸ்டரில் இறங்கியது. அது வானில் எடுத்த முடிவு, அதைப் பற்றி அமெரிக்க அதிகாரிகளோடு பெரிய தகராறே நடந்தது. தரையிலிருந்தே மூன்று எஞ்சினோடு பயணிகளை ஏற்றிக் கிளம்புவது என்பது வேறு, அது நடக்காது.

கனிஷ்கா விமானத்திலும் ஐந்தாவது எஞ்சின் இருந்ததாமே? விபத்துக்கு அதுதான் காரணமா?

இருந்தது. காரணம் அது இல்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் இதைப் பற்றி அரைகுறையாக நிறைய உலவுகிறது.

1985 ஜூன் 8 அன்று, கனடாவின் டொராண்டோவிலிருந்து கிளம்பிய ஏர் இந்தியா 747 ஒன்றில் எஞ்சின் பழுதானது. விமானம் திரும்பி இறங்கியது. பழுதான எஞ்சினைப் பழுதுபார்க்க பம்பாய்க்குக் கொண்டு வர வேண்டியிருந்தது. இரண்டு வாரம் கழித்து, ஜூன் 22-ஆம் தேதி டொராண்டோவிலிருந்து மான்ட்ரியல், லண்டன் வழியாக டெல்லி, பம்பாய் போகும் விமானத்தில் அதை ஏற்ற முடிவானது. அந்த விமானம்தான் 'பேரரசர் கனிஷ்கா' என்று பெயரிடப்பட்ட 747. எஞ்சின் இடது இறக்கைக்கு அடியில் போனது. கழற்றிய பாகங்கள் பின்பக்கச் சரக்கு அறைக்குப் போயின.

ஐந்தாவது எஞ்சினைப் பொருத்துவதும் அதன் பாகங்களை ஏற்றுவதும் இழுத்துக்கொண்டே போனதால் டொராண்டோவில் விமானம் சுமார் ஒரு மணி 40 நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. ஜூன் 23 காலை, கிரீன்விச் நேரம் 7 மணி 14 நிமிடத்துக்கு, அயர்லாந்துக்குத் தென்மேற்கே கடலுக்கு மேல் 31,000 அடி உயரத்தில் அது ரேடாரிலிருந்து மறைந்தது. 329 பேரும் இறந்தார்கள்.

எஞ்சின் காரணமாக இருக்குமோ என்று விசாரித்தவர்கள் பார்க்காமல் இல்லை. இறக்கைக்கு அடியில் வழக்கத்துக்கு மாறான பொருள் ஒன்று தொங்கும்போது முதல் சந்தேகம் அதன் மேல்தான் விழும். இந்தியாவில் நீதிபதி கிர்பால் தலைமையிலான விசாரணையும் கனடாவின் விமானப் பாதுகாப்பு வாரியமும் கடலடியிலிருந்து எடுத்த பாகங்கள், ஒலிப்பதிவு எல்லாவற்றையும் அலசி, முன்பக்கச் சரக்கு அறையில் வெடித்த குண்டு என்ற முடிவுக்கே வந்தன. ஐந்தாவது எஞ்சின் பிய்ந்து போனதால் விமானம் உடைந்தது என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. வான்கூவரில் ஏற்றப்பட்ட ஒரு பெட்டி, அதன் சொந்தக்காரர் இல்லாமலேயே டொராண்டோவில் இந்த விமானத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. அதே நாளில், சுமார் 55 நிமிடம் முன்பு, ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில் இன்னொரு பெட்டி வெடித்து, சுமைகளைக் கையாண்ட இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள்.

ஆனாலும் அந்த எஞ்சினுக்கு இந்தக் கதையில் ஓர் இடம் இருக்கிறது. குண்டு வெடித்த நேரத்தில் லண்டனுக்கு இன்னும் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பறப்பு பாக்கி இருந்தது. டொராண்டோவில் அந்தத் தாமதம் நேர்ந்திருக்காவிட்டால், வெடித்தபோது விமானம் லண்டனில் தரையில் நின்றிருக்கலாம்.

747 தவிர வேறு எந்த விமானங்கள் இப்படிச் சுமந்தன?

747-க்கு முன்னாலேயே போயிங் 707 இதைச் செய்தது. அதற்கும் உடலுக்கும் உள்பக்க எஞ்சினுக்கும் நடுவில்தான் இடம். மூன்று எஞ்சின் கொண்ட லாக்ஹீட் ட்ரைஸ்டார் நான்காவதைச் சுமந்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட விசித்திரமானது பிரிட்டனின் விக்கர்ஸ் விசி10. அதன் நான்கு எஞ்சின்களும் வாலுக்கு அருகே, உடலின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும். இறக்கையில் எஞ்சினே கிடையாது, துடைத்து வைத்தது போலச் சுத்தமாக இருக்கும். ஸ்பேர் எஞ்சினை எடுத்துப் போகும் நாளில் மட்டும் அந்த வெற்று இறக்கைக்கு அடியில், ஒரே ஒரு பக்கம், ஒரு கூடு முளைத்திருக்கும். பார்ப்பவர்களுக்கு அது எவ்வளவு உறுத்தலாகத் தெரிந்திருக்கும்!

777, 787, ஏ350 எல்லாம் ஏன் இதைச் செய்வதில்லை?

எஞ்சின் ஊதிவிட்டது. 777-300ஈஆர் விமானத்தின் ஜிஈ90-115பி எஞ்சினின் ஃபேன் விட்டம் 3.25 மீட்டர், எடை எட்டரை டன்னுக்கு மேல். இதை உடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே தொங்கவிட்டால் காற்றோட்டம் என்ன ஆகும், தரைக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம், இரண்டே எஞ்சின் உள்ள விமானத்தை ஓர் எஞ்சினில் கிளப்பி ஊருக்கு ஓட்டி வரும் பேச்சுக்கே இடமில்லை. ஆக, நின்ற இடத்துக்கு எஞ்சின் போயே தீர வேண்டும்.

எப்படிப் போகிறது? சிறிய எஞ்சின்கள் சாதாரண சரக்கு விமானத்தில் போகும். ஜிஈ90 போன்ற பூதத்தை முழுசாக அனுப்ப அன்டோனோவ் ஏஎன்-124 தேவைப்படும். இல்லையென்றால் ஃபேன் பகுதியைத் தனியாகப் பிரித்து, 747 சரக்கு விமானத்தில் இரண்டு துண்டாக அனுப்பலாம். ஏஎன்-124 உலகில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வாடகைக்குக் கிடைக்கும். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு ரஷ்ய நிறுவனத்திடம் இருந்தவை மேற்கத்திய நாடுகளுக்குப் போக முடியாமல் போயின. அவற்றில் ஒன்று டொராண்டோ விமான நிலையத்தில் அப்படியே நிறுத்திவைக்கப்பட்டது.

நிறுவனங்களும் மாறிவிட்டன. ஸ்பேர் எஞ்சினைச் சொந்தமாக வாங்கித் தாயகத்தில் பூட்டி வைப்பதைவிட, உற்பத்தியாளரிடமோ குத்தகை நிறுவனத்திடமோ பக்கத்து ஊரில் இருக்கும் எஞ்சினை வாடகைக்கு எடுப்பது இப்போது சகஜம். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஸ்பேரே உலகத்தில் இல்லையென்றால் எந்த இறக்கையும் உதவாது. 2023 மே மாதம் திவால் மனு கொடுத்த கோ ஃபர்ஸ்ட், தன் விமானங்களில் பாதி அளவு பறக்க முடியாமல் நின்றதற்கு பிராட் அண்டு விட்னி எஞ்சின்களையும் மாற்று எஞ்சின்கள் கிடைக்காததையும்தான் காரணமாகச் சொன்னது.

சாலையில் லாரியில் எஞ்சின் போவதைப் பார்த்திருக்கிறேன். அதில் என்ன விசேஷம்?

பார்த்தால் லாரியில் ஏற்றிய இரும்புச் சாமான், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் ஓடாத எஞ்சினுக்கு ஆகாதது குலுக்கல். சுழலாமல் நிற்கும் பேரிங்கில் உருளைகள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். மணிக்கணக்கில் அதிர்ந்தால் அதே இடத்தில் நுண்ணிய பள்ளம் விழும். கண்ணுக்குத் தெரியாது, ஓடும்போது தெரியும். அதனால் காற்றுப் பை வைத்த சஸ்பென்ஷன் உள்ள லாரியில்தான் ஏற்றுவார்கள். ஸ்டாண்டுக்கும் எஞ்சின் தாங்கிக்கும் நடுவில் ரப்பர் மெத்தைகள் இருக்கும்.

எஞ்சின் முழுவதையும் ஈரம் புகாத கனமான உறையால் மூடி, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிடுவார்கள். உறையில் ஒரு சின்னச் சாளரம், அதன் பின்னால் நிறம் மாறும் அட்டை. நீலமாக இருந்தால் நல்லது. இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் ஈரம் புகுந்துவிட்டது, பிரித்துப் பார்க்க வேண்டும்.

பரிசோதனை விமானங்களில் தெரியும் வித்தியாசமான எஞ்சினும் இதே வகையா?

இல்லை, அது ஓடும் எஞ்சின். ஜெனரல் எலெக்ட்ரிக் தன் பரிசோதனை 747-இல் வழக்கமான ஓர் எஞ்சினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் புது எஞ்சினை மாட்டும். எண்ணினால் நான்குதான் இருக்கும், ஒன்று மட்டும் பிரம்மாண்டமாக இருக்கும். பிராட் அண்டு விட்னியின் 747எஸ்பி-யில் சோதனை எஞ்சின் மேல்தளத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டை இறக்கையில் இருக்கும். போயிங் 707-இன் முன்மாதிரியான 'டேஷ் 80' விமானத்தில், 727-ஐ வடிவமைக்கும்போது, பின்னுடலில் ஐந்தாவதாக ஓர் எஞ்சினை ஒட்டிச் சோதித்தார்கள்.

747-இன் ஐந்தாவது எஞ்சின் இடத்துக்கு உண்மையான வாரிசு என்றால் 'காஸ்மிக் கேர்ள்'தான். விர்ஜின் அட்லாண்டிக்கில் பயணிகளைச் சுமந்த பழைய 747-400 அது. விர்ஜின் ஆர்பிட் நிறுவனம் அதன் இடது இறக்கையில், ஸ்பேர் எஞ்சின் தொங்கும் அதே இடத்தில், ராக்கெட்டைத் தொங்கவிட்டது. ராக்கெட்டின் எடை சுமார் 25 டன். 2021 ஜனவரியில் அது முதல்முறையாகச் செயற்கைக்கோள்களைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. 2023 ஜனவரியில் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து கிளம்பிய ஏவுதல் தோற்றது. சில மாதங்களில் நிறுவனமே திவாலானது.

இப்போதும் இதை நேரில் பார்க்க முடியுமா?

வாய்ப்பு ரொம்பக் குறைவு. குவாண்டாஸ் தன் கடைசி 747-ஐ 2020 ஜூலையில் அனுப்பிவிட்டது. கடைசியாகத் தயாரான 747, சரக்கு ரகம், 2023 ஜனவரியில் கைமாறியது. இன்று பறக்கும் 747-களில் பெரும்பாலானவை சரக்கு விமானங்கள். அவற்றுக்குப் பெரிய கதவு இருக்கிறது, எஞ்சினை உள்ளே தள்ளிவிடுவார்கள்.

வாட்ஸ்அப் படம் நிஜமா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

747 என்றால் கூடுதல் எஞ்சின் இடது இறக்கையில், உடலை ஒட்டித்தான் இருக்க வேண்டும். வலப்பக்கத்தில் இருந்தால் படம் திருப்பிப் போடப்பட்டதா என்று வால் எழுத்துகளைப் பாருங்கள். அதன் முன்வாயில் ஃபேன் தெரியக் கூடாது, மூடியிருக்க வேண்டும். மற்ற நான்கைப் போலவே பளபளவென்று ஃபேனும் நிறுவனச் சின்னம் போட்ட கூடும் தெரிந்தால், யாரோ பக்கத்து எஞ்சினை நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். எண்ணிக்கை நான்காகவே இருந்து ஒன்று மட்டும் பெரிதாக இருந்தால் பரிசோதனை விமானம். இரண்டு பக்கமும் மும்மூன்று இருந்தால் முதலில் அது பி-52 குண்டுவீச்சு விமானம் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்: அதில் ஒரு பக்கத்துக்கு நான்கு, இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்திருக்கும். ஆறு எஞ்சினோடு பிரம்மாண்டமாக ஒன்று நின்றால் அது அன்டோனோவ் ஏஎன்-225. 2022-இல் கீவ் அருகே ஹோஸ்டோமெல் விமான நிலையத்தில் அழிந்துபோனதால், படம் அதற்கு முந்தையது என்று தைரியமாகச் சொல்லலாம்.